கடலுக்கும் வயலுக்கும் நடுவே: கல்முனைக் கரைவாழ்வு – ஒரு வரலாற்று நோக்கு

நகர வரலாறு எழுதப் புகுவோர் கோட்டையிலிருந்தோ, கோயிலிலிருந்தோ, சந்தையிலிருந்தோ தொடங்குவது வழக்கம். கடற்கரை நகரொன்றின் மணல்வெளியிலிருந்து தொடங்குவோர் அரியர். மணலில் கல்வெட்டு நிலைப்பதில்லை. காலையில் இழுத்த வலையின் தடம் மாலையில் அழிந்துவிடுகின்றது. எனினும், கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையைப் பொறுத்தவரை அம்மணல்வெளியை ஒதுக்கிவிட்டு வரலாறு எழுதுதல் இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். அங்குள்ள மக்கள் தொழில் செய்ததும், தொழுததும், விழாக் கொண்டாடியதும், மாலையிற் கூடிப் பேசியதும், பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்ததும் அக்கரையை ஒட்டியே. அக்கரை இன்று இருமுனையிலும் நெருக்குதலுக்கு உள்ளாகியிருத்தலின், அதன் வரலாற்றை ஆராய்தல் வெறும் பழமை நாட்டமாகாது.

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பயணஞ் செய்யும் ஒருவர் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஒன்றன்பின் ஒன்றாக ஊர்களைக் கடப்பர். ஓரூர் முடிவதும் மற்றோரூர் தொடங்குவதும் பெயர்ப்பலகையினாலன்றிப் புலப்படா. அப்பாலும் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடர்ந்து, திருக்கோவில் வழியாகப் பொத்துவிலிலும் அறுகம்குடாவிலும் சென்று முடிகின்றது அவ்வரிசை. தமிழரும் முஸ்லிம்களும் ஊருக்கு ஊர் மாறி மாறி வாழும் இக்கரையில் இருசாராரின் தாய்மொழியும் தமிழே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 43 வீதத்தினர் முஸ்லிம்கள். அவர்களுட் பெரும்பாலோர் இக்கரையோரப் பட்டினங்களிலேயே வாழ்கின்றனர். கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் அவ்வாண்டிற் சுமார் ஓர் இலட்சம் பேர் வாழ்ந்தனர்.

வெயிலையும் கடற்காற்றையும் நாடி வரும் பயணிக்கு இக்கரை மகிழ்ச்சி தருவது. மாசி, பங்குனிக்குப் பின் வாடை ஓய்ந்து கடல் அமைதியுறும்; ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும்; பகல் வெயில் தாழ்ந்ததும் மக்கள் மணலுக்கு இறங்குவர். ஆயினும், கரையினின்று திரும்பிப் பார்க்கும் பயணியின் உள்ளத்தில் ஒரு வினா எழாமற் போகாது. கடலின் வாசலில் இத்துணை நெருக்கமாக வீடுகள் ஏன் கட்டப்பட்டன? 2004ஆம் ஆண்டுக்குப் பின் இவ்வினாவை அரசும், உதவி நிறுவனங்களும், திட்டமிடுவோரும் கேட்டனர். கேட்டவர்களுட் பலர் அறியாமை என்றோ பழக்கம் என்றோ விடை கண்டு அமைந்தனர். வரலாறு வேறு விடை தருகின்றது.

நிலத்தின் அமைப்பு

இக்கரையின் நில அமைப்பே முதற் காரணமாகும். கிழக்கே கடல், மேற்கே வயலும் களப்பும், இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்மேடு. தமிழிலக்கணத்தார் கூறும் நெய்தலும் மருதமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நிலம் இது. வடகீழ்ப் பருவ மழை பெய்யும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மேற்குப்புற வயல்கள் நீரில் மூழ்கும். கல்முனையிலிருந்து மேற்கு வயல்களுக்குச் செல்லும் கிட்டங்கி வீதி பெருமழைக் காலங்களில் வெள்ளத்துள் மறைவதை அப்பகுதி மக்கள் நன்கறிவர். வெள்ளம் ஏறாத உயர்நிலம் மணல்மேடு ஒன்றே. குடிப்பதற்குரிய நன்னீரும் அம்மணலிலேயே ஆழமற்ற கிணறுகளில் ஊறிற்று. தென்னை வளர்ந்ததும் அங்கேயே. ஆகவே வயலை உழவுக்கும், மணலைக் குடியிருப்புக்கும், கடலை மீன்பிடிக்கும் எனப் பகுத்துக்கொண்டமை முன்னோரின் அறியாமையன்று. நிலம் காட்டிய வழியை அவர்கள் பின்பற்றினர் என்பதே பொருந்தும்.

இக்கரையில் முஸ்லிம்களின் குடியிருப்புப் பழமையானது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் எனப் போர்த்துக்கேயப் பாதிரியாரான குவைரோஸ் எழுதிச் சென்றுள்ளார். அதற்கு முன்னரும் வணிகத்தின் வழி வந்த முஸ்லிம்கள் இங்கு வாழ்ந்தனர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1638இல் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. இவ்வாட்சி மாற்றங்களுக்கிடையே கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று எனும் பழைய பிரிவுகளில் தமிழ்ப் போடிமாரும் முஸ்லிம் போடிமாரும் அருகருகே நெல் விளைவித்தனர். மணல்மேட்டில் வீடும் மேற்கே வயலும் உடைய இரட்டை வாழ்வே இப்பட்டினங்களின் அடித்தளமாகும்.

கரையில் ஒரு நாள்

ஆசிய நகரங்களிற் புகழ்பெற்ற கடற்கரை உலாவிடங்கள் சில, குடியேற்ற ஆட்சியாளரால் அமைக்கப்பட்டவை. கொழும்பின் காலிமுகத்திடல் நடைபாதை தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல் நிறைவுற்றது. நகரத்துப் பெண்டிரும் பிள்ளைகளும் காற்று வாங்குதற்காக அதனைப் பேணுமாறு பின்வரும் ஆட்சியாளரை வேண்டும் கல்லொன்றும் அங்கு நாட்டப்பட்டது. சென்னையின் மெரீனா 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் முயற்சியால் உருவாயிற்று. இவை பொழுதுபோக்குக்கென வகுக்கப்பட்ட வெளிகள். கல்முனைக் கரை எவராலும் அவ்வாறு வகுக்கப்படவில்லை. அது முதலில் ஒரு தொழிற்களம்; ஓய்வு அத்தொழிலின் இடைவேளையிற் பிறந்தது.

அத்தொழிலின் மூத்த வடிவம் கரைவலை. சுபஹுத் தொழுகை முடிந்து கிழக்கு வெளுக்கும் வேளையில் தோணி வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குட் செல்லும். கயிற்றின் ஒரு நுனி கரையிலேயே நிற்கும். தோணி அரைவட்டமாக வலையை இறக்கி, மறு நுனியுடன் சற்றுத் தொலைவிற் கரைசேரும். பின்னர் இரு வரிசையாக நின்று ஆடவர் கயிற்றை இழுப்பர். இழுப்பின் தாளத்துக்குப் பாடப்படும் அம்பாப் பாட்டுகள் கிழக்கிலங்கை நாட்டார் இலக்கியத்தில் தனியிடம் பெற்றவை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடும் அப்பாட்டு, பலரின் வலிமையை ஒரே கணத்தில் ஒருமுகப்படுத்தும் கருவியாக அமைந்தது. மடி கரையை அடைந்ததும் வலையுரிமையாளருக்கும் இழுத்தோருக்கும் பங்கு பிரியும். கைகொடுத்த சிறுவனும் கறிக்கு மீன் பெறாது வீடு திரும்பான்.

இத்தொழில் நடைபெறுதற்கு இன்றியமையாதது தடையற்ற நீண்ட மணற்கரை. தோணி ஏற்றி வைப்பதற்கும், வலை உலர்த்துவதற்கும், கருவாடு காய்வதற்கும் அதுவே இடம். சட்டப்படி கரை அரசுக்குரியது. வழக்கின்படி அது ஊருக்குரியது. எவரும் வேலியிடாத அவ்வெளியை அனைவரும் பயன்படுத்தினர். பயன்படுத்துதற்குரிய நேரத்தையும் முறையையும் ஊரே வகுத்திருந்தது. வலைஞர் விட்டுச் சென்ற கரையை அஸர்த் தொழுகையின் பின் இளைஞர் பந்தாட்டத்துக்குக் கொண்டனர். முதியோர் தோணி நிழலில் அமர்ந்து ஊர்ச்செய்தி பேசினர். மஃரிப் வாங்கொலி கேட்டதும் கரை வெறுமையாயிற்று. பெருநாள் காலைகளிற் கரையோரத் திறந்தவெளியில் ஊரார் திரண்டு தொழுவதும், அன்று மாலை குடும்பங்கள் மணலில் நிறைவதும் இன்றும் காணத்தக்கவை. பொல்லடி, சீனடி முதலிய ஆட்டங்களும் வீட்டினுள் ஆடத்தக்கவை அல்ல. கம்பு சுழல வெளி வேண்டும்.

இம்மண்ணின் எழுத்து மரபையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். யாழ் நூல் தந்த சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த காரைதீவு இக்கரையிலேயே உள்ளது. நீலாவணன், மருதூர்க்கொத்தன், எம். ஏ. நுஃமான் முதலியோர் கல்முனையைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து எழுந்தவர்கள். தமிழரும் முஸ்லிம்களுமாகிய எழுத்தாளர் ஒரே சங்கத்தில் கூடிய காலமொன்று இந்நகருக்கு உண்டு.

கொடியும் தீர்த்தமும்

கல்முனைக்குடியின் கரையில், அலைக்கு மிக அண்மையில் நிற்பது கடற்கரைப் பள்ளிவாசல். நாகூரில் அடங்கியுள்ள சாஹுல் ஹமீத் வலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்தது அது. அவரது அடக்கத்தலம் இங்கில்லை. நினைவு மட்டுமே உண்டு. கடலோடிகளின் காவலராக மதிக்கப்பட்ட அப்பெரியாருக்குத் தமிழ் முஸ்லிம் வணிகர் சென்ற கரைகளிலெல்லாம் நினைவிடங்கள் எழுந்தன. சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்காவும், பினாங்கில் உள்ளதும் அவ்வகையினவே. ஆகவே கல்முனைப் பள்ளிவாசல், வங்கக் கடலைச் சுற்றி அமைந்த ஒரு பெரும் நினைவுத் தொடரின் கண்ணியாகும். ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் அங்கு கொடியேறும், மௌலிது ஓதப்படும், இறுதியிற் கந்தூரிச் சோறு பகிரப்படும். கடைகளும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்து மணல்வெளி அந்நாள்களிற் சந்தையாகிவிடும். நேர்த்திக்கடனுடன் வரும் இந்துக்களும் அக்கூட்டத்தில் உண்டு. இத்தகைய வழிபாட்டு முறைகளை ஏற்காத சீர்திருத்த நோக்கினரும் முஸ்லிம் சமூகத்துள் உளர். அக்கருத்து வேறுபாட்டுக்கிடையிலும் விழா நின்றுவிடவில்லை.

தமிழூர்களிலும் கரை இவ்வாறே புனித வெளியாகின்றது. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் கடலிலேயே நிகழ்கின்றது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பு பல ஊர் மக்களையும் ஈர்ப்பது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் இக்கரையோர ஊர்களைக் கடந்தே தெற்கே செல்வர். இரு சமயத்தாரும் தத்தம் ஆண்டுச் சுழற்சியில் ஒரே மணற்கரையைத் தொட்டுச் செல்லுதல், அக்கரை எவரொருவருக்கும் தனியுடைமையாகாதிருந்தமைக்கு ஒரு சான்றாகும்.

பெண்ணுக்குரிய வீடு

இதுவரை கூறிய வெளிவாழ்வு பெரும்பாலும் ஆடவர்க்குரியது என்பதை மறைத்தல் தகாது. கரையில் ஆடவர் நிற்க, வளவுக்குள் பெண்டிர் நின்றனர். கிடுகு வேலிக்குள், பின்னாளில் மதிலுக்குள், கிணற்றடியும் முற்றமும் அவர்களது வெளியாக அமைந்தன. ஆனால் அவ்வளவும் வீடும் சட்டப்படி யாருக்குரியன என நோக்குமிடத்து ஒரு வியப்பான உண்மை புலனாகின்றது. அவை பெண்ணுக்குரியன.

கிழக்கிலங்கையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். ஒருவர் எக்குடியினர் என்பது தாயைக் கொண்டே தீரும். கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் மரைக்கார் ஆகிய பொறுப்புகளும் குடிவழியே பகிரப்பட்டன. திருமணமானபின் ஆடவன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வான். வீடு சீதனமாகப் பெண்ணின் பெயருக்கு எழுதப்படும். தமிழகத்தின் காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய முஸ்லிம் பட்டினங்களிலும் மணமகன் மனைவி வீடு புகும் வழக்கம் உண்டு என்பது ஒப்பு நோக்கத்தக்கது. மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டின் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு செயலற்றுப் போயிற்று; முஸ்லிம்களின் மரபுரிமைக்கு இஸ்லாமியச் சட்டம் பொருந்தும். எனினும் பெற்றோர் தம் வாழ்நாளிலேயே வீட்டை மகளுக்கு உறுதி எழுதிக் கொடுத்துவிடுதலின், சட்டம் மாறியும் வழக்கம் மாறவில்லை. அக்கரைப்பற்றில் 1969 முதல் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட விரிவான நூலில் இம்முறையை நுணுகி ஆராய்ந்துள்ளார்.

இவ்வழக்கத்துக்கும் கரையோர நெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு எளிது. மூன்று பெண்மக்களைப் பெற்ற தந்தை மூன்று வீடு கட்டவேண்டும். மகளின் வீடு தாயின் வீட்டுக்கு அண்மையில் அமைதல் வேண்டும் என்பது எல்லோர் விருப்பமும். எனவே வளவு துண்டாடப்படும். துண்டாட இடமில்லாதபோது புதுக்காணி தேடப்படும். மேற்கே வயலை மூடுதல் உணவை மூடுதலாகும். வடக்கும் தெற்கும் அடுத்த ஊர். எஞ்சியது கிழக்கே கடலை நோக்கிய மணல் மட்டுமே. விலை குறைந்த காணியும் அங்கேதான் கிடைத்தது. ஆகவே வறியவரின் பெண்மக்களுக்கு அலைக்கு அண்மையிலேயே வீடு அமைந்தது. அலையிலிருந்து வீடு எத்தனை அடி தொலைவில் உள்ளது என்பது, ஓரளவுக்கு, அக்குடும்பத்தின் வருமானத்தைக் கூறும் அளவாகவும் ஆயிற்று.

மேற்கு மூடிய காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேற்குத் திசையின் நிலைமையும் மாறிற்று. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. நீர்ப்பாசனத்தால் கரையோரத்தாரின் வயல்களும் பயனடைந்தன என்பது உண்மை. ஆனால் உட்பகுதியிற் புதிதாகத் திறக்கப்பட்ட காணிகளிற் பெரும்பாலானவை பிற மாவட்டங்களிலிருந்து வந்த சிங்களக் குடியேற்றவாசிகளுக்கு வழங்கப்பட்டன. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் உரிய குடியேற்றங்கள் சிலவே. அரச காணிகளை ஆண்ட 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு வரிசையில் ஆண்மகனை முன்னிறுத்தியது. வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் கரையோர வழக்கும், காணியை ஆணுக்குக் கொடுக்கும் அரச சட்டமும் எதிரெதிராகச் சென்றமை இங்கு நோக்கற்பாலது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமாயிற்று.

1978 கார்த்திகையில் வீசிய பெருஞ்சூறாவளி மட்டக்களப்பையும் அதன் தென்கரையையும் தாக்கித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அதன் அழிவு ஆறுமுன்னரே போர் தொடங்கிற்று. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில், குறிப்பாக 1985க்குப் பின், தமிழ் முஸ்லிம் உறவும் பெரும் சிதைவுக்குள்ளானது. இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. முஸ்லிம் விவசாயிகள் பலர் மேற்கே இருந்த தம் வயல்களுக்குச் செல்லவும் அஞ்சினர். இரவுக் கடற்றொழில் தடைசெய்யப்பட்ட காலங்கள் உண்டு. மாலைக் கரை அக்காலத்தில் ஊரடங்குக்கு உட்பட்ட வெளியாயிற்று. வயலுக்குச் செல்லும் வழியும் அடைபட்ட நிலையில், மணல்மேட்டின் நெருக்கம் மேலும் கூடியது. அடுத்து நேர்ந்த பேரழிவின் கொடுமையை விளங்கிக்கொள்வதற்கு இப்பின்னணி அவசியம்.

2004 மார்கழி 26

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த கடலடிப் பூகம்பத்தின் பேரலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இக்கரையை அடைந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் இத்துணை உயிரிழப்பு நேரவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு எனத் தமிழர் முஸ்லிம் என்ற வேறுபாடின்றிக் கரையோர வீடுகள் நிலைபெயர்ந்தன. கடற்கரைப் பள்ளிவாசலும் சேதமுற்றது; பின்னர் அது திருத்தப்பட்டுக் கொடி மீண்டும் ஏறிற்று.

அம்பாறைக் கரையோர முகாம்களில் தங்கியிருந்தோரிடையே நடத்தப்பெற்று 2006இல் வெளியான ஆய்வொன்று, இறந்தோர் யார் என்னும் வினாவை ஆராய்ந்தது. பெண்களின் இறப்பு வீதம் ஆண்களினதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அலை வந்தபோது வீட்டினுள் இருந்தோர் இறந்த வீதம், வெளியில் நின்றோர் இறந்த வீதத்தைப் போல இரு மடங்குக்கும் அதிகம். இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்குமிடத்து, மேலே கூறிய வெளிக்கும் வீட்டுக்கும் இடையிலான பிரிவினை எத்துணை கொடிய கணக்காக முடிந்தது என்பது தெளிவாகும். தன் பெயரில் எழுதப்பட்ட வீட்டினுள்ளேயே பெண் இறந்தாள்.

அழிவுக்குப் பின் அரசு கட்டடத் தடை வலயம் ஒன்றை அறிவித்தது. மேற்கிலும் தெற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். காகிதத்தில் இது முன்னெச்சரிக்கை. ஒடுங்கிய மணல்மேட்டில் இது ஊரின் கணிசமான பகுதியை நீக்குதலாகும். 2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவ்வரம்பு தளர்த்தப்பட்டது. பின்னர் 65 மீற்றர் என்ற அளவு இப்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. மருதமுனையில் ‘65 மீற்றர்’ என்பது ஒரு வீட்டுத் திட்டத்தின் பெயராகவே வழங்கலாயிற்று. அளவுகோல் ஊர்ப்பெயராக மாறியமை, அம்மக்களின் வாழ்வில் அவ்வளவுகோல் பெற்ற இடத்தைக் காட்டுகின்றது.

புது வீடுகள் யாருக்கு என்பது அடுத்த வினா. உதவிப் படிவங்கள் ‘குடும்பத் தலைவர்’ என்று கேட்டன. அவ்விடத்தில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. இவ்வாறு, தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்குரியதாயிருந்த வீடு, அழிந்து மீண்டும் எழுந்தபோது ஆணுக்குரியதாகும் நிலை பல இடங்களில் ஏற்பட்டது. மகளுக்குச் சீதனமாகக் கட்டி வைத்திருந்த இரண்டாவது வீடு கணக்கிலேயே வரவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்பதே விதி. சீதன வீட்டைப் பற்றிய இவ்வேக்கத்தை மக்கில்வ்ரே, பற்றீசியா லோரன்ஸ் ஆகியோர் 2010இல் வெளியான கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டியுள்ளனர். சீதன முறையின் கொடுமைகளை நாம் அறியாதவரல்லேம். ஆண் வீடு கேட்டு நிற்க, பெண்ணைப் பெற்றோர் கடன்பட்டு நொடிந்த கதைகள் இக்கரையில் ஏராளம். ஆயினும் அம்முறை பெண்ணுக்கு அளித்த ஒரே உறுதியான பாதுகாப்பு, வீடு அவள் பெயரில் இருந்தமையாகும். சுமையை அவ்வாறே விட்டுப் பாதுகாப்பை மட்டும் நீக்குதல் சீர்திருத்தமாகாது. காணி அபிவிருத்திச் சட்டத்தின் ஆண் முதன்மை 2022இல் திருத்தப்பட்டமை வரவேற்கத்தக்கது எனினும், அது மிகத் தாமதமாக வந்த திருத்தமாகும்.

கரையைவிட்டு உள்ளே செல்லலாம் எனக் கூறுவோர் அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலை வீட்டுத் திட்டத்தையும் அறிதல் நன்று. சவூதி அரேபிய உதவியுடன் அங்கு 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை எவ்வினத்தவருக்கு எவ்விகிதத்தில் வழங்குவது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடற்றோர் காத்திருக்க, கட்டப்பட்ட வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆட்களின்றிக் கிடந்தன. மேற்கே செல்லும் வழி இன்றும் எளிதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கரையே கரையும் காலம்

இறுதியாக ஒன்று கூறுதல் வேண்டும். கல்முனையில் வளர்ந்து அமைச்சராகிய எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் கனவுகள் இரண்டு ஒலுவிலில் உருப்பெற்றன. ஒன்று, 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம். மற்றது, அவர் 2000இல் மறைந்த பின்னர், டென்மார்க் கடனுதவியுடன் 2008இல் பணி தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட துறைமுகம். முன்னையது தழைத்தது. பின்னையதன் வாயிலை மணல் மூடிற்று. இக்கரையில் மணல் ஆண்டுதோறும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் இயல்புடையது. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புகள் அந்நகர்வை மறித்தமையால், ஒருபுறம் மணல் குவிய, மறுபுறம் வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகள் அரிக்கப்பட்டன. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. தோணி ஏற்றி வைக்கவும் வலை இழுக்கவும் இடம் குறைந்தது. அரிப்பு அண்மைக் காலத்தில் சாய்ந்தமருது, கல்முனைப் பகுதிகளிலும் அச்சத்தை எழுப்பியுள்ளது.

தெற்கே அறுகம்குடாவில் 1970கள் முதல் அலைச்சறுக்கு வீரர்கள் உலகின் பல பாகங்களிலிருந்தும் வருகின்றனர். சித்திரை முதல் ஐப்பசி வரை அங்கு பயணிகள் நிறைவர். அவ்வருமானத்தைக் கண்டு, கல்முனைக் கரையையும் உல்லாசக் கரையாக்கலாம் என எண்ணுதல் இயல்பே. விருந்தினரை வரவேற்பதில் தவறில்லை. இக்கரை மக்கள் விருந்தோம்பலில் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆயினும் கல்முனையின் வெளிவாழ்வு, பயணிக்கெனக் கட்டப்பட்ட காட்சியன்று. கரைவலையும், கொடியேற்றமும், பெருநாள் தொழுகையும், மாலைக் கூட்டமும் வேலியற்ற மணலை நம்பியவை. அம்மணல் விடுதிகளின் வேலிக்குள் அடங்கினாலும், கடலுக்குட் கரைந்தாலும், இழப்பவர் ஒருவரே.

ஆகவே இக்கரைக்குத் திட்டமிடுவோர் முதலில் விடை காண வேண்டிய வினாக்கள் மூன்று. ஊருக்குப் பொதுவான மணல்வெளி எஞ்சுமா? பெண்ணின் வீடு பெண்ணின் பெயரிலேயே நிற்குமா? மேற்கே செல்ல விரும்பும் குடும்பத்துக்கு அங்கே காணி உண்டா? இம்மூன்றுக்கும் விடையளியாத எந்த அளவுகோலும், 200 மீற்றராயினும் 65 மீற்றராயினும், அம்மக்களைக் காக்கமாட்டாது. நம் பல்கலைக்கழகங்களில் வரலாறும் புவியியலும் சமூகவியலும் பயிலும் மாணவர் ஒரு மாலையேனும் கல்முனைக்குடி மணலில் அமர்ந்து, கடலை மட்டுமன்றித் திரும்பி ஊரையும் நோக்குவார்களாயின், எழுதப்படாத அவ்வரலாற்றின் முதலேடு அவர்கள் கண்ணுக்குப் புலப்படும்.